வின்யோ வெர்டேயும் சூடை மீனும்

போன சனிக்கிழமை இரவு ரயிலில் கொழும்பிலிருந்து வந்த மச்சான், துவாயில் சுற்றி இரண்டு போத்தல் கொண்டுவந்தார். போர்த்துக்கல் நாட்டு வின்யோ வெர்டே, வெள்ளை வைன். திருகோணமலை உப்புவெளியில் ஒரு சின்ன விடுதிக் குசினியில் 18 வருடமாக மீன் சமைக்கிறவன் நான். எங்கள் சாப்பாட்டுக்கு இது ஒத்துப்போகுமா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமையையே ஒதுக்கினேன்.

இதே வைனை முன்பு டவுனில் ஒரு கடையில் வாங்கி ஏமாந்திருக்கிறேன். பின்னேர வெயில் நேரே விழும் கண்ணாடித் தட்டில் நின்ற போத்தல் அது. ஊற்றினால் வெறுந்தேத்தண்ணி நிறம், வாடின அப்பிள் மணம். 'வெர்டே' என்றால் பச்சை. நிறத்தைச் சொல்வதல்ல, இளசு என்று அர்த்தம். நுங்கு மாதிரித்தான், முற்றவிட்டால் ஒன்றுக்கும் உதவாது. வாங்கும்போது லேபலில் ஆண்டைப் பாருங்கள், இரண்டு வருடத்துக்கு மேல் போனதை விட்டுவிடுங்கள்.

மச்சான் கொண்டுவந்தது நல்ல போத்தல். வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு பிடி உப்பு போட்டு 20 நிமிடம் வைத்தேன். கிளாசுக்குள் ஐஸ் போட வேண்டாம், புளிப்பு நீர்த்துவிடும். ஊற்றியதும் கிளாஸ் ஓரத்தில் ஊசிமுனை அளவு குமிழ்கள் ஒட்டிக்கொண்டன. தேசிக்காய்த் தோல் மணம், பிறகு பச்சை அப்பிள். நாக்கில் மெல்லிய சுருக்கு. போர்த்துக்கலின் வடமேற்கு மூலை அத்திலாந்திக் மழை நனைக்கும் இடம். அங்கே வைனுக்கான முந்திரிகைப் பழத்தில் (திராட்சை) புளிப்பு இறங்காமல் நிற்கும், மதுசாரமும் குறைவு. இந்தப் போத்தலில் 10 வீதம்தான்.

முதலில் சூடை. காலையில் திருக்கடலூரில் வாங்கியது, உப்பு மட்டும் தடவிச் சிரட்டைக் கரியில் வாட்டினேன். தோல் வெடித்து எண்ணெய் கரியில் சொட்டும்போது எடுத்து, சூட்டோடு ஒரு வாய், பின்னால் ஒரு மிடறு. மீனெண்ணெய்ப் பிசுபிசுப்பை வைன் கழுவிக்கொண்டு போகிறது, அடுத்த மீனுக்கு வாய் புதிதாக நிற்கிறது. சிவப்பு வைனோடு சூடை தின்றால் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி இருக்கும். அந்த வைனிலுள்ள இரும்புச்சத்து மீனெண்ணெயோடு சேர்ந்து செய்கிற வேலை அது. போர்த்துக்கலிலும் இந்த வைனுக்குச் சூடையின் சொந்தக்கார மீனான மத்திச்சாளையைச் சுட்டதுதான் சோடி. குசினி, தவறணை என்று அவர்களுடைய சொற்களை இவ்வளவு காலம் வைத்திருக்கிற நமக்கு இந்தச் சோடியும் பொருந்திப்போகிறது.

மிளகு போட்ட கணவாய்ப் பொரியலும் நன்று.

நண்டுக் கறிதான் சரிவரவில்லை. வறுத்த தூள் போட்டு இறுக்கின எங்கள் கறிக்கு முன்னால் வைனின் மணம் முழுக்கக் காணாமல் போனது, புளிப்பு பட்டு உறைப்பு இன்னும் கூடியது. நண்டை வெறும் உப்புத் தண்ணீரில் அவித்துத் தேசிக்காய் பிழிந்தால் மட்டும் இதோடு வையுங்கள். கந்தளாய் எருமைத் தயிரும் பாணியும் வேண்டவே வேண்டாம். இனிப்புக்குப் பிறகு வைன் வெறும் புளித்தண்ணி.

நான் எதிர்பார்க்காதது சொதி. பிட்டுக்கு வைத்த விளைமீன் சொதி, பச்சை மிளகாய், வெந்தயம், கெட்டிப் பால், இறக்கும்போது அரைத் தேசிக்காய். தேங்காய்ப்பால் நாக்கில் பட்டுப்போல் படிகிறது, அதை வைனின் சுருக்கு மெல்ல விலக்குகிறது, வெந்தய மணம் கடைசிவரை கூடவே வருகிறது. 18 வருடம் வைக்கிற சொதியில் இவ்வளவு இனிமை இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

வீட்டுக்காரி குடிக்கிற ஆளில்லை. நான் கெஞ்சினதற்காகச் சொதிப் பிட்டு ஒரு வாய் தின்று, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இதுக்குள்ளயும் தேசிக்காய் விட்டிருக்கினமோ?" என்று கேட்டாள்.