சிலிண்டர் வைத்த லைஃப் ஜாக்கெட் வள்ளத்துக்குச் சரிப்படுமா?

குளச்சல் பக்கம் வலைச்சாமான் விற்கிற ஒரு கடையில் தம்பிக்காக வாங்கியது. கழுத்தைச் சுற்றி மெல்லிய பட்டையாகக் கிடக்கும், கயிற்றை இழுத்தால் 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் துளை விழுந்து சில நொடியில் ஊதிக்கொள்ளும். மிதப்புத்திறன் 150 நியூட்டன், அதாவது தண்ணீரில் சுமார் 15 கிலோவைத் தாங்கும்.

நல்லதை முதலில் சொல்கிறேன், இதைப் போட்டுக்கொண்டே வலை இழுக்கிறான். பழைய ஆரஞ்சு ஃபோம் ஜாக்கெட் அணியத்தில் (வள்ளத்தின் முன்பக்கம்) மண்ணெண்ணெய் கேனுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது, சோதனைக்கு ஆள் வந்தால்தான் வெளியே வரும். குனிந்தால் தாடையில் இடிக்கும், வேர்த்துக் கொட்டும், பக்கிளில் வலைக்கண்ணி மாட்டும், அப்புறம் யார்தான் போடுவார்கள்? அமெரிக்காவில் 2000 முதல் 2016 வரை மீன்பிடித் தொழிலில் தவறிக் கடலில் விழுந்து இறந்த 204 பேரில் ஒருவர்கூட ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. இதைக் கணக்கெடுத்த நையோஷ் என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம், அலாஸ்கா மீனவர்களிடம் ஆறு வகை ஜாக்கெட்டைக் கொடுத்து வேலை நேரத்தில் போடச்சொல்லி, எது உறுத்துது, எது சிக்குது என்று அவர்களிடமே கேட்டது. ஓகிப் புயலுக்குப் பிறகு இங்கே எல்லாரும் ஜாக்கெட் ஜாக்கெட் என்றார்கள், போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியுமா என்று கேட்டவர்கள் குறைவு.

கடைக்காரர் தானாக ஊதும் மாடலைத்தான் தலையில் கட்டப் பார்த்தார். அது நனைந்தால் கரைகிற மாத்திரை வைத்த வகை. கச்சான் காற்று அடிக்கும்போது தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் அலை வாரி ஊற்றுமே, ஆள் விழாமலே அது ஊதிவிடும். ஆள் தண்ணீரில் அமிழ்ந்து நீரழுத்தம் பட்டால்தான் ஊதுகிற வகைக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் விலை எக்கச்சக்கம். அதனால் கயிறு வகையே எடுத்தோம். தலையில் அடிபட்டு மயங்கி விழுந்தால் இது உதவாது, அது தெரிந்துதான் வாங்கினோம். சிலிண்டர் சொதப்பினால் வாயால் ஊத ஒரு குழாய் உண்டு.

குறை என்றால், தொடைவழி மாட்டும் வாரைத் தனியாக விற்கிறார்கள். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் காதுவரை ஏறிவிடும், கட்டாயம் கேட்டு வாங்குங்கள். மாற்று சிலிண்டர் கடையில் இல்லை, நாகர்கோவில் வரை அலைந்துவிட்டு ஆன்லைனில்தான் வரவழைத்தோம். சிலிண்டர்மேல் காஸோடு சேர்த்த மொத்த எடை பொறித்திருக்கும், அவ்வப்போது கழற்றிச் சமையல் தராசில் வைத்துப் பாருங்கள், குறைந்திருந்தால் காஸ் கசிந்திருக்கிறது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். மழைக்கோட்டுக்கு உள்ளே போடவே கூடாது, ஊதும்போது நெஞ்சை இறுக்கிவிடும்.

ஐந்துக்கு மூன்றரை. கடைக்காரர் சிலிண்டர் வாங்கி வைத்தால் நாலரை.