சிஎஸ்ஆர் பணமா, மாத நன்கொடையா? மும்பையின் சிறு அறக்கட்டளைகளுக்கு ஓர் ஒப்பீடு

மும்பையில் தமிழர்கள் நடத்தும் சிறு அறக்கட்டளை ஒன்றில் நிதி திரட்டும் பொறுப்புக்கு வருபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, நிறுவனங்கள் சமூகப் பொறுப்பாகச் செலவிடும் சிஎஸ்ஆர் நிதியைத் தேடிப் போவதா, அல்லது மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் உள்ள தனிநபர்களிடம் மாதந்தோறும் சிறுதொகை பெறும் ஏற்பாட்டை வளர்ப்பதா என்பதைத்தான். இரண்டையும் செய்யுங்கள் என்று அறங்காவலர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நிதி திரட்ட ஒரே ஓர் ஊழியர் இருக்கும் இடத்தில் அது பேச்சோடு நின்றுவிடும். தாராவியில் மாலை வகுப்புகள் நடத்தி, ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய் செலவிடும் ஓர் அமைப்பை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, முந்தைய நிதியாண்டில் 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், உடனடியாக முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். இதைக் கேட்டவுடன் நம்மவர்களின் கண் பாந்த்ரா-குர்லா வளாகத்தின் பெரிய அலுவலகங்கள் மீது போகிறது. அங்கே பெரிய தொண்டு நிறுவனங்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. மாறாக, மும்பையை அடுத்த தலோஜாவிலோ பிவண்டியிலோ சராசரியாக 8 கோடி லாபம் ஈட்டும் ஓர் ஆலையின் கடமை 16 லட்சம்தான். கடமைத் தொகை 50 லட்சத்தைத் தாண்டாத நிறுவனம் தனியே சிஎஸ்ஆர் குழு அமைக்க வேண்டியதில்லை. இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். நடைமுறையில் முதலாளியும் அவருடைய ஆடிட்டரும் பேசி முடித்துவிடுவார்கள். அந்த ஆடிட்டர் தமிழராக இருப்பது இந்த ஊரில் அரிதும் அல்ல.

இந்தப் பணத்தின் குணம் மார்ச் மாதத்தில் தெரியும். மார்ச்சோடு முடியும் நிதியாண்டுக்குள் செலவிடாத தொகை, தொடர் திட்டத்துக்குரியது என்றால் 30 நாளில் தனிக் கணக்குக்கும், இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் சட்டம் குறிப்பிடும் அரசு நிதிகளுக்கும் போக வேண்டும் என்பதால், ஜனவரி வரை தொலைபேசியை எடுக்காதவர்கள் மார்ச்சில் தாமாகவே அழைப்பார்கள். அப்போது அறக்கட்டளைக்கு வரிவிலக்கு தரும் 12ஏபி, கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் 80ஜி ஆகிய பதிவுகளும், சிஎஸ்ஆர் பணம் பெறுவதற்கு 2021 ஏப்ரல் முதல் கட்டாயமாகிவிட்ட சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும் கைவசம் இல்லாத அறக்கட்டளைக்கு அந்த அழைப்பால் பயன் இல்லை.

இன்னொரு சிக்கல் பட்ஜெட் படிவத்தில் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் சம்பளம், அறை வாடகை என்று நாம் எழுதிய வரிகளை அடித்துவிட்டு, ‘நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்குள்’ என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சிஎஸ்ஆர் விதிகளின் 7(1) குறிப்பிடும் 5 சதவீத வரம்பு, நிறுவனம் தன் சிஎஸ்ஆர் பணியை நிர்வகிக்கத் தானே செய்துகொள்ளும் செலவுக்கானது. செயல்படுத்தும் அமைப்பின் செலவு அதில் சேராது என்று 2021 ஆகஸ்டில் மத்திய நிறுவன விவகார அமைச்சகம் சுற்றறிக்கையிலேயே விளக்கியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையின் நகலை இணைத்து, மரியாதையாக ஒரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும். ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, அவர்கள் தரும் பணத்தில் கணினி வாங்கலாம், ஆனால் கணினியைச் சொல்லித்தருபவருக்குச் சம்பளம் தர முடியாது.

தனிநபர் நன்கொடை அந்தச் சம்பளத்துக்கு உதவும். 200 பேர் மாதம் 1,000 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 24 லட்சம். இதை எதற்குச் செலவிடுவது என்று படிவம் போட்டு எவரும் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் நம் மக்களின் கொடைப் பழக்கம் நாளையும் கிழமையையும் ஒட்டியது. அப்பாவின் திதி, அறுபதாம் கல்யாணம், பேத்தியின் பிறந்தநாள் என்றால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு யோசிக்காமல் தருவார்கள். ஆசிரியர் சம்பளம் என்றால் கை பின்வாங்கும். அந்தப் பழக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அதிலிருந்தே தொடங்கலாம். “மாமா, போன வருஷம் திதிக்குச் சாப்பாடு போட்டீங்க. அதே தொகையை மாசாமாசம் பிரிச்சுத் தந்தா கணக்கு டீச்சர் நிரந்தரமா இருப்பாங்க” என்று மாட்டுங்காவில் கேட்டால் பெரும்பாலும் காது கொடுப்பார்கள். தாராவிக் கடைக்கார அண்ணாச்சியிடம் இந்தப் பேச்சு எடுபடாது. அவர் வகுப்பை நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் தருவார், தரத் தொடங்கியபின் எளிதில் நிறுத்தமாட்டார்.

இதிலும் உழைப்பு உண்டு. யுபிஐ ஆட்டோபே வந்தபின் மாதப் பிடித்தம் எளிதாகிவிட்டாலும், கணக்கில் பணம் இல்லாமலோ வங்கி மாறியதாலோ நின்றுபோகும் பிடித்தங்கள் மாதந்தோறும் இருக்கும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் அழைக்க ஆள் வேண்டும். வரிச்சலுகையைக் காட்டிக் கேட்பதும் முன்புபோல் பலிக்காது. 2023-24 முதல், பழையதைக் கேட்டு வாங்காதவர்களுக்குப் புதிய வருமான வரிமுறையே பொருந்துகிறது, அதில் 80ஜி கழிவு கிடையாது. ஆகவே ஐடி இளைஞரிடம் குழந்தைகளின் முன்னேற்றத்தைப் பேசுவதும், பழைய வரிமுறையில் தொடரும் பெரியவர்களிடம் மட்டும் சான்றிதழைப் பற்றிப் பேசுவதும் நல்லது.

ஜனவரி மாரத்தானில் ஓடி நிதி திரட்டுவது விளம்பரத்துக்கு உதவும், அடித்தளம் ஆகாது. வெளிநாட்டு நிதி இந்த அளவிலான அமைப்புக்குப் பொருந்தாது. அதற்குத் தேவையான எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவுக்கான ஆவணச் சுமையே ஓர் ஊழியரை விழுங்கிவிடும்.

என் பரிந்துரை தனிநபரில் தொடங்குவதுதான். சம்பளமும் வாடகையும் மாத நன்கொடையால் ஓடத் தொடங்கியபின் நடுத்தர நிறுவனங்களின் சிஎஸ்ஆரை அணுகினால், ஒவ்வாத நிபந்தனையை மறுக்கும் தைரியம் தலைமைக்கு இருக்கும். வரிசை மாறினால், நிறுவனத்தின் சிஎஸ்ஆர் மேலாளர் வேலை மாறும் ஆண்டில் வகுப்பே நின்றுபோகக்கூடும். தனிநபர் வழியிலும் இதற்கு நிகரான ஆபத்து உண்டு: கொடையாளர்கள் அத்தனை பேரின் எண்களும் செயலாளரின் கைபேசியில் மட்டும் இருப்பது. ஒவ்வொரு கொடையாளரையும் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அதில் ஒருவர் அறங்காவலராக இருக்க வேண்டும். அந்த அறங்காவலர் தம் ஆட்டோபேயை முதலில் பதிவுசெய்த பிறகே, ஊழியரிடம் 200 பேரின் பட்டியலைக் கொடுக்க வேண்டும்.