வேலந்தாவளத்தில் கைமாறிய 'பார்டர் கோலி'

கேரள-தமிழ்நாட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பும் பதினாறு வெள்ளாடும் வைத்திருக்கிறேன். போன வருடம் மார்ச்சில் 'பார்டர் கோலி' என்ற ஆடு மேய்க்கும் வெளிநாட்டு இனம் என்று நம்பி ஒரு நாய்க்குட்டிக்கு 25,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். வெட்கமாக இருந்ததால் இத்தனை நாள் வெளியே சொல்லவில்லை. போன வாரம் நடந்த ஒன்றால்தான் இப்போது எழுதுகிறேன்.

ஆரம்பம் ஒரு வீடியோ. கறுப்பு வெள்ளை நாய் ஒன்று, வயிறு புல்லில் உரசப் பதுங்கிப் போய், ஒரு வார்த்தை குரைக்காமல், முறைத்தே ஐம்பது செம்மறிகளைப் பட்டிக்குள் ஏற்றுகிறது. எனக்கு மூட்டுவலி, ஆட்டுக்கு ஆள் கிடைப்பதில்லை. ராத்திரி ஒரு மணி வரை அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு குரூப்பில் விசாரித்ததும் மறுநாளே கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து போன் வந்தது.

"ரத்தத்துலயே இருக்குங்க சார். மூணு மாசத்துல தானா ஆட்டை மடக்கும். பேரே பார்டர் கோலி, நம்ம பார்டர் ஏரியாவுக்குன்னே செஞ்ச மாதிரி!"

நானும் சிரித்தேன். அந்த பார்டர் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவில் இருப்பது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். 1893இல் அங்கே பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாய்தான் இந்த இனத்துக்கு மூதாதை. அந்த முறைக்கும் பார்வையும் அந்த வழியில் வந்ததுதான்.

தாயைப் பார்க்க வீட்டுக்கு வருகிறேன் என்றேன். "வெளியாள் வந்தா குட்டிங்களுக்கு நோய் தொத்திக்கும் சார்" என்றார். பொறுப்பான மனுஷன் என்று நினைத்துவிட்டேன், பாருங்கள். வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் கார் டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. பத்தே நிமிடத்தில் வியாபாரம் முடிந்தது. பணம் ஜிபேயில் வேறு யாரோ பெயருக்குப் போனது. சுத்த இனம் என்று காட்டும் கென்னல் கிளப் பேப்பர் சென்னையிலிருந்து கூரியரில் வரும் என்றார். கையில் ஒரு தடுப்பூசி அட்டை கொடுத்தார்: வயது 45 நாள், எல்லா ஊசியும் போட்டாச்சு.

மூன்றாம் நாள் குட்டி பால் குடிக்கவில்லை. சாயங்காலம் வாந்தி, விடிகாலையில் ரத்தமாகப் பேதி. பொள்ளாச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். "முப்பத்தஞ்சு நாள் இருந்தா அதிகம்" என்றார். அப்புறம் அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அதில் ரேபிஸ் ஊசியும் போட்டதாக எழுதியிருந்தது. அது வழக்கமாக மூன்று மாதத்தில் போடுவது. நிஜமாக ஊசி போட்டிருந்தால் மருந்துக் குப்பியின் லேபிளை உரித்து அட்டையில் ஒட்டியிருப்பார்கள், பக்கத்தில் டாக்டரின் பதிவு எண் இருக்கும். இதில் பேனா எழுத்து மட்டும்தான், அதுவும் எல்லாத் தேதியும் ஒரே மையில்.

நோய் பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ். அது உடம்பில் ஏறி வெளியே தெரிய மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும் என்றால், பெரும்பாலும் அந்தக் கூடைக்கு வருவதற்கு முன்பே தொற்றியிருக்க வேண்டும். ஆறு நாள் டிரிப்ஸ் ஏற்றி எப்படியோ பிழைத்தது. செலவு இன்னொரு பதினோராயிரம். இதில் எனக்கு அதிகம் எரிந்தது எது தெரியுமா? நாய் வளர்த்து விற்பதற்கான மத்திய அரசின் 2017 விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது, வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்கவும் வேண்டும். ஆக, அவர் கூட்டிச் சொன்ன அந்த 45 நாளே விற்கக்கூடாத வயது. அதுகூடத் தெரியாமல் தலையாட்டியிருக்கிறேன்.

எட்டு மாதத்தில் குட்டி வளர்ந்து நின்றது. குட்டை முடி, முதுகின் மேல் சுருண்ட வால். பொமரேனியன் கலந்த நாட்டு நாய். அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சந்தேகம் தீராமல், பொள்ளாச்சிப் பக்கம் நிஜமான பார்டர் கோலி வைத்திருக்கும் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது, அசலே கிடைத்திருந்தாலும் நான் தோற்றிருப்பேன். பதினெட்டுக் கிலோ நாய், இரண்டடுக்கு முடி. வெயிலுக்கு என்று அதை மழிக்கவும் கூடாதாம், சீவித்தான் விட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வெயிலில் பகல் முழுக்க அது வீட்டுக்குள்தான். விடிகாலையும் பொழுது சாய்ந்தும் ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும், மூளைக்கும் வேலை வேண்டும். இல்லாவிட்டால் பைக்கைத் துரத்தும், ஓடுகிற குழந்தைகளின் குதிகாலைக் கவ்வி மடக்கும். 'தானா மடக்கும்' என்பதும் பாதிப் பொய். ஆசை பிறவியில் வரும். இடமாகச் சுற்று, வலமாகச் சுற்று, நில், படு என்பதெல்லாம் ஒரு வயது நெருங்கும்போது ஆள் நின்று பழக்க வேண்டும். அதுவும் செம்மறி மிரண்டால் ஒன்றாகக் கூடும். நம் வெள்ளாடு கொம்பைச் சாய்த்துக்கொண்டு திரும்பி நிற்கும்.

அவர் சொன்ன இன்னொன்று ஆடு வளர்ப்பவர்களுக்கு முக்கியம். நம் வீட்டு அலமாரியில் ஆட்டுக்குப் போடும் புழு மருந்து ஐவர்மெக்டின் பாட்டில் எப்போதும் இருக்கும், உண்ணி என்றால் நாய்க்கும் போட்டுவிடுவோம். கோலி வகை நாய்கள் சிலவற்றின் உடம்பு பிறவியிலேயே அதைத் தாங்காது. தள்ளாடி, எச்சில் ஒழுக விழுந்துவிடும், உயிரும் போகலாம். டாக்டரைக் கேட்காமல் அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள்.

"பட்டி நாய் காவலுக்குடா, மடக்கறது நம்ம வேலை" என்று அப்பா அன்றைக்கே சொன்னார். கேட்டால்தானே.

பணம் வரவில்லை. இந்தப் பக்க ஸ்டேஷனில் அந்தப் பக்கம் போங்கள் என்றார்கள், அந்தப் பக்கம் இங்கே அனுப்பினார்கள். சைபர் குற்றப் புகார் எண் 1930க்குக் கூப்பிட்டுப் பதிந்ததில் புகார் எண் மட்டும் கிடைத்தது. பில் இல்லை, பேப்பர் இல்லை, அந்த நம்பரும் இப்போது இல்லை.

போன வாரம் மீனாட்சிபுரத்தில் இருக்கும் மச்சான் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "மாமா, ஒண்ணு வாங்கலாமுங்களா?" என்று கேட்டான். புது நம்பர், விலை 28,000. படத்தில் அதே கூடை, அதே குட்டி. ஒரு வருடம் ஆகியும் அதற்கு இன்னும் 45 நாள்தான்.