ஒரு புத்தகத்துக்கு ஃபைன் பிரஸ் பதிப்பு உண்டா? ஆறு வருடத் தேடல்

பிடித்த நாவலை யாராவது ஈய எழுத்தில் கோத்து, நல்ல தாளில், இத்தனை பிரதிதான் என்று எண் போட்டு, ‘ஃபைன் பிரஸ்’ பதிப்பாக அச்சடித்திருக்கிறார்களா? பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆறு வருடமாகிறது. வாங்கியது ஒன்பது புத்தகம், தேடியது நூற்றுக்கு மேல்.

முதல் அடி ‘மோபி டிக்’கில் விழுந்தது. சான் பிரான்சிஸ்கோவின் ஏரியன் பிரஸ் 1979-இல் அதை 265 பிரதிகள் மட்டும் அச்சிட்டது. பாரி மோசரின் மரச்செதுக்குப் படங்கள் நூறு, திமிங்கல நீர்க்குறி போட்ட, கையால் செய்த தாள். ‘ஏரியன் பிரஸ் பதிப்பு’ என்று போட்டிருந்ததை நம்பி, ஒரு பழைய புத்தக வியாபாரியிடம் பணம் அனுப்பினேன். விலை ரொம்பக் குறைவாக இருந்தபோதே உறைத்திருக்க வேண்டும். வந்தது 1981-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் அதே பக்கங்களைச் சுருக்கி வெளியிட்ட பிரதி. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஈய எழுத்து அழுத்தியிருந்தால் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் மெல்லிய பள்ளமும் நிழலும் தெரியும். இதில் தாள் சப்பென்று கிடந்தது.

இதே நாவலுக்கு 1930-இல் ராக்வெல் கென்ட் படங்களோடு சிகாகோ லேக்சைட் பிரஸ் மூன்று தொகுதிகளாக, அலுமினியப் பெட்டியில் வைத்து, 1000 பிரதி போட்டது. அதே வருடம் அதே படங்களோடு ரேண்டம் ஹவுஸ் ஒரே தொகுதியாகக் கடைப் பதிப்பும் விட்டது. அதன் அட்டையில் கென்ட் பெயர் இருக்கும், நாவலை எழுதிய மெல்வில் பெயர் இருக்காது! தேடினால் இவை எல்லாம் ஒன்றோடொன்று கலந்துதான் வரும்.

உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட் இல்லாமல் இந்த வேலை நடக்காது. ஆனால் எரிச்சல் அதிகம். ஒரே பதிப்பு நாலைந்து பதிவாகச் சிதறிக் கிடக்கும். நகல் பதிப்பு அசலோடு ஒட்டிக்கொண்டு வரும். ‘ஃபைன் பிரஸ்’ என்று தட்டினால் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது, நூலகர்கள் அப்படி எழுதுவதில்லை. நாவலின் பெயரோடு ஒவ்வோர் அச்சகத்தின் பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். பிறகு குறிப்புப் பகுதியில் ‘இத்தனை பிரதிகள்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வரி புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக் கொலஃபனிலிருந்து வருவது. ஏட்டுச்சுவடியின் முடிவில் இன்ன வருடம் இன்ன மாதம் எழுதி முடிந்தது என்று போடுவார்களே, அந்த மாதிரி.

வியாலிப்ரி என்ற தேடுதளம் எனக்கு அதைவிடப் பிடிக்கும். பல வியாபாரிகளின் பட்டியலை ஒரே இடத்தில் காட்டும், தேடலைச் சேமித்து வைத்தால் புதிதாக வந்ததும் மின்னஞ்சல் அனுப்பும். அனுபவமுள்ள வியாபாரி எழுதும் விவரணை நூலகப் பதிவைவிட நன்றாகவே இருக்கும்: தாள், எழுத்துரு, கட்டு, கையெழுத்து எல்லாம் வரும். அவசரத்தில் எழுதுகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அதனால் கொலஃபன் பக்கத்தின் படம் அனுப்பாதவரிடம் இப்போது வாங்குவதில்லை.

சந்தாதாரர்களுக்காகப் படங்களோடு புத்தகம் அச்சிட்ட லிமிடெட் எடிஷன்ஸ் கிளப் தனிக் கதை. ஜார்ஜ் மேசி 1929-இல் தொடங்கியது, பெரும்பாலும் 1500 பிரதி. அவரே நடத்திய ஹெரிடேஜ் பிரஸ், அதே படங்களை மலிவுப் பதிப்பில் போட்டது. இரண்டையும் குழப்பாத விற்பனையாளர் அபூர்வம். 1935-இன் ‘யுலிசிஸ்’ 1500 பிரதியிலும் படம் வரைந்த ஓவியர் மத்தீஸின் கையெழுத்து உண்டு, நாவலாசிரியர் ஜாய்ஸின் கையெழுத்து 250-இல்தான்.

‘இருக்கிறது’ என்று கண்டுபிடிப்பது சுலபம். ‘இல்லை’ என்று சொல்லத்தான் பாடு. அதற்கு இணையம் போதாது, அச்சகங்களின் நூலடைவுகள் வேண்டும். இங்கிலாந்தின் கோல்டன் காக்கரல் பிரஸ் தன் நூல்களைத் தானே வரிசை எண் போட்டுத் தொகுத்தது. 1921 முதல் 1936 வரை ‘சாண்டிகிளியர்’ என்ற முதல் தொகுதி. அதில் இல்லையென்றால் அந்த வருடங்களில் அவர்கள் போடவில்லை, அவ்வளவுதான். 1928-க்கு முந்தைய பிரிட்டன், அயர்லாந்தின் முக்கிய அச்சகங்களுக்கு டாம்கின்சனின் நூலடைவு. ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் முப்பது பிரதி அடித்துச் சிநேகிதர்களுக்குக் கொடுத்திருந்தால் எந்த அடைவிலும் சிக்காது. அதனால் யாராவது கேட்டால் ‘இல்லை’ என்பதில்லை, ‘இன்னின்ன இடத்தில் பார்த்தேன், கிடைக்கவில்லை’ என்கிறேன்.

அந்த 1981 பிரதியைத் திருப்பி அனுப்பவில்லை. மோசரின் படங்கள் அதிலும் இருக்கின்றன, எழுத்தும் கண்ணை உறுத்தவில்லை. இரண்டாவது முறையாக அதில்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.