லெப்பர்ட் கெக்கோவுக்கு அடிச்சூடா, மேல்சூடா?

லெப்பர்ட் கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறைப் பகுதிகளைச் சேர்ந்த பல்லி. அதை வீட்டில் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் ஒரு முனையில் தரைச்சூடு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். மறுமுனை 25 அளவில் இருந்தால் போதும். அதற்கு ஹீட் மேட் (தொட்டிக்கு அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பு), மேலே மாட்டும் ஹாலோஜன் பல்பு என்று இரண்டு வழி.

ஹீட் மேட் விலை குறைவு, மின்சாரமும் கொஞ்சம்தான் இழுக்கும். ஆனால் காற்றை அவ்வளவாகச் சூடாக்காது. மேலே டைலோ பேப்பர் டவலோ விரித்திருந்தால் சரி. 8 செ.மீ. மண் நிரப்பினால் சூடு மேலே வந்து சேராது; பல்லி சூட்டைத் தேடிக் கீழே தோண்டிப்போய் உடம்பைச் சுட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

ஹாலோஜன் வெயிலைப் போல மேலிருந்து கல்லையும் காற்றையும் சேர்த்துச் சூடாக்கும். அதன் அகச்சிவப்புக் கதிர் உடலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். உரம் கலக்காத மண் 70 சதவீதம், மணல் 30 சதவீதம் என்று கலந்து தாராளமாகப் போடலாம். இரவில் மட்டும் அணைத்துவிட வேண்டும்.

வளர்ந்த, நலமான பல்லிக்கு என் ஓட்டு ஹாலோஜனுக்கும் மண்ணுக்கும்தான். குஞ்சுக்கும் புதிதாக வாங்கியதற்கும் முதலில் மேட்டும் பேப்பர் டவலும். பேப்பர் டவலில் எச்சம் தெளிவாகத் தெரியும், அதைப் பார்த்தே உடல்நிலையை ஓரளவு கணித்துவிடலாம். கடைக்காரர் கால்சியம் மணலை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும். அப்புறம், சூட்டை அளவோடு வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் மேட், பல்பு இரண்டுக்குமே கட்டாயம்: மேட்டுக்கு ஆன்-ஆஃப் வகை போதும், பல்புக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகை.