செல்ஃப் எடுக்கிறது, வண்டி எடுக்கவில்லை

இந்தத் தடவை பதினெட்டு நாள் ஊரில் இருந்தேன். ஃப்ளைட், பேங்க், அம்மாவின் கண் ஆஸ்பத்திரி எல்லாம் சொன்ன நேரத்துக்கு முடிந்தன. அதில் எழுத ஒன்றுமில்லை. ஆடி அமாவாசையன்று சேரன்மகாதேவி வீட்டு வாசலில் போன மூன்றரை மணி நேரம்தான் இன்னும் மனசை விட்டு இறங்கவில்லை.

பாபநாசம் படித்துறையில் அப்பாவுக்குத் தர்ப்பணம். அம்பாசமுத்திரம் (எங்களுக்கு அம்பை) வழியாகப் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் ஏறுவது எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. ஷெட்டில் அப்பாவின் பழைய பெட்ரோல் கார் நிற்கிறது. வாரம் ஒருமுறை சித்தப்பா ஸ்டார்ட் பண்ணி வைப்பதாக ஏற்பாடு. சாரல் தொடங்கியதிலிருந்து அந்த வாரம் மாதமாகிவிட்டது போல.

ஏழு மணிக்குச் சாவியைத் திருகினேன். செல்ஃப் கணீரென்று எடுக்கிறது. எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கமாட்டேன் என்கிறது. மறுபடி, மறுபடி. பத்து செகண்டுக்கு மேல் ஒரேயடியாக செல்ஃப் அடிக்கக் கூடாது, நடுவில் அரை நிமிஷமாவது விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அடித்தேன். அம்மா பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் கேட்டுத் தெருவே வந்துவிட்டது. "தள்ளி விட்டா எடுத்துரும்லா" என்று நாலு பேர் பின்னால் கை வைத்தார்கள். பேட்டரி இறங்கிச் செல்ஃப் சுற்றாத வண்டியைத்தான் தள்ள வேண்டும். செல்ஃபே சுற்றிவிடுகிற எஞ்சினைத் தள்ளுவதும் அதே சுற்றல்தானே! சொன்னேன், யார் கேட்டார்கள்? விநாயகர் கோயில் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், மறுபடி தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்துக் கோளாறு சொல்கிற ஒரு புளூடூத் ஸ்கேனரை மெல்போர்னிலிருந்து கொண்டுவந்திருந்தேன். அதை மாட்டிப் போனில் பார்த்தால் "குறை எதுவும் இல்லை" என்று பச்சை டிக் போடுகிறது. திருநெல்வேலியில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். ஒன்றை அமுக்கு, நான்கை அமுக்கு, பாட்டுக் கேள். கடைசியில் வந்த பையன் வண்டியைப் பார்க்காமலே, "ஃப்யூவல் பம்ப் போயிருக்கும் சார், டோ பண்ணிக் கொண்டாந்துருங்க, பத்தாயிரத்துக்குள்ள முடிச்சிரலாம், மூணு நாள் ஆகும்" என்றான். மெல்போர்னிலும் இதே கதைதான். ஒருமுறை ஸ்கேனரை மாட்டிப் பார்த்ததற்கே நூற்றைம்பது டாலர் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். ஆனால் அங்கே படித்துறையில் யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை.

சித்தப்பா ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "இந்தா வாரேன்" என்று பதில். நம்மூர் "இந்தா வாரேன்" எத்தனை மணி நேரம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. மணி ஒன்பதே முக்காலுக்கு மொபெட்டில் வந்து இறங்கினார், கையில் ஒரு மஞ்சள் பை. அதில் ஒரு டெஸ்ட் லாம்ப், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பிளக் ஸ்பேனர், வெற்றிலைப் பொட்டலம்.

"எப்ப வந்திய தம்பி? சரி, சாவியப் போடுங்க. செல்ஃப் அடிக்காதிய, ஆன் மட்டும்." பின் சீட்டிலிருந்த அம்மாவை இறக்கிவிட்டு, அங்கே காதை வைத்தார். தெருவைப் பார்த்து, "ஏல, வாய மூடுங்கல." தெரு அடங்கியது. "என்ன கேக்கு?"

"ஒண்ணும் கேக்கலையே அண்ணாச்சி."

"அதாம் கோளாறு."

சாவியை ஆன் செய்ததும் சீட்டுக்கு அடியில் இரண்டு செகண்ட் பம்ப் 'ங்ங்' என்று இரைய வேண்டும். இரையவில்லை. ஆனால் அவர் பம்பைக் குற்றம் சொல்லவில்லை. என்னைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டரைப் பார்த்தார். ஆர்பிஎம் முள் லேசாகத் துடித்தது, அதனால் எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சார் உயிரோடு இருக்கிறது. சுற்றுகிற சத்தம் ஒரே சீராக விசுக்கென்று ஓடவில்லை, கம்ப்ரஷன் முட்டி முட்டிச் சுற்றுகிறது, அதனால் டைமிங் பெல்ட் அறுந்திருக்காது. ஒரு பிளக்கைக் கழற்றி மோந்து பார்த்து என்னிடம் நீட்டினார். இத்தனை நேரம் அடித்தும் சுள்ளி மாதிரி காய்ந்து கிடந்தது. "பெட்ரோல் வந்து கரண்ட் வரலைன்னா இது நனஞ்சில்லா இருக்கும்?" பிளக்கை வண்டி பாடியில் வைத்து அடிக்கச் சொன்னார். நீலமாகப் பொறி.

அதற்குள் என் புண்ணியத்தில் பேட்டரி முனக ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரியிலிருந்து வயர் இழுத்தோம்.

பம்ப் ஃப்யூஸில் டெஸ்ட் லாம்ப் எரிந்தது, அதுவரை கரண்ட் வருகிறது. அடுத்து ரிலே, கம்ப்யூட்டர் சொன்னதும் பம்புக்குக் கரண்டை விடுகிற சின்ன சுவிட்ச் பெட்டி. பம்ப் ரிலேயும் ஹாரன் ரிலேயும் ஒரே அச்சு, ஒரே நம்பர். இரண்டையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினார். சாவி ஆன். 'ங்ங்.' அடுத்த திருகலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஹாரன் செத்துப்போயிருந்தது.

ஹாரன் பக்கம் போன அந்தப் பம்ப் ரிலேயின் மூடியை நகத்தால் நெம்பித் திறந்து என் உள்ளங்கையில் கொட்டினார். எறும்பு. கடுகு மாதிரிச் சின்ன எறும்புகள், பாதி கருகி, இரண்டு காண்டாக்டுக்கும் நடுவில் நசுங்கி அட்டையாக ஒட்டிக் கிடந்தன. ரிலே சொன்ன பேச்சைக் கேட்டு 'டிக்' என்றுதான் அடித்திருக்கிறது, கரண்ட்தான் தாண்டவில்லை. ஸ்கேனர் பச்சை டிக் போட்டதும் அதனால்தான். கம்ப்யூட்டர் உத்தரவு போட்டதோடு சரி, எறும்பை அதற்குத் தெரியாது. "பம்புசெட் ஸ்டார்ட்டர்ல வாரதுதான தம்பி. மழ வந்தா அதுக எங்க போவும்?" கிணற்றடியில் தாத்தா ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து ஊதுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! பத்தாயிரம் ரூபாய் பம்பை மாற்றியிருந்தாலும் இந்த எறும்புகள் அங்கேயேதான் இருந்திருக்கும்.

முன்னூறு ரூபாய் கேட்டார். ஐநூறைக் கொடுத்தேன். சில்லறை இல்லை என்று மொபெட்டைத் திருப்பியவர், "அம்பையில புது ரிலே வாங்கிப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் ஆயிரமே கொடுத்திருப்பேன்.

மெல்போர்னில் நான் வருஷத்துக்கு இரண்டு தடவை ஹாரன் அடித்தால் அதிகம். ஆடி அமாவாசையன்று ஹாரன் இல்லாமல் வீரவநல்லூரைத் தாண்டிப் பாருங்கள். வேன், மாடு, ஆட்டுக்கூட்டம், நடுரோட்டில் பேசிக்கொண்டு நிற்கிற ஆட்கள். கல்லிடைக்குறிச்சியில் வேறு வழியில்லாமல் கண்ணாடியை இறக்கி, கதவின் வெளிப்பக்கம் படபடவென்று தட்டிக்கொண்டே ஓட்டினேன். அம்பையில் ஸ்பேர்ஸ் கடை அமாவாசைக்கு அடைத்திருந்தது.

பாபநாசம் வரை தட்டினேன். அம்மா பின்னாலிருந்து, "இன்னும் பலமாத் தட்டுல, அவனுக்குக் கேக்கல" என்றாள்.