மீயொலிச் சென்சாருக்கு வெப்பத் திருத்தம்: எந்த வெப்பநிலையை நம்புவது?

ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார், காதுக்குக் கேட்காத ஒலியை (மீயொலி) அனுப்பி, அது தடையில் பட்டுத் திரும்பும் நேரத்தைத்தான் அளக்கிறது. தூரம் நாம் போடும் கணக்கு. அந்தக் கணக்கில் ஒலியின் வேகம் வேண்டும். 0 டிகிரி செல்சியஸில் அது நொடிக்கு 331.3 மீட்டர், டிகிரிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். 20 டிகிரி மாறினால் தூரம் ஏறக்குறைய 3.5 சதவீதம் பிசகும். இதைச் சரிக்கட்ட நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன.

ஒன்றும் செய்யாமல் விடுவது

மலிவு மாட்யூல்களில் எல்லோரும் போடும் கணக்கு: மைக்ரோநொடியை 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டர். 58 என்ற எண் சுமார் 22 டிகிரி காற்றுக்குப் பொருந்தும். 40 டிகிரி வெயிலில் 200 செ.மீ. தள்ளி நிற்கும் சுவரை இது 194 என்று காட்டும். மைனஸ் 20 டிகிரியில் அதே சுவர் 216 ஆகிவிடும்.

பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கவனியுங்கள். சூட்டில் தூரம் குறைவாகத் தெரிகிறது. பஸ்ஸர் கொஞ்சம் முன்னதாகவே அலறும், வண்டிக்குக் கேடில்லை. குளிரில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும், அதுதான் ஆபத்து. ஆனாலும் 30 செ.மீ. நெருக்கத்தில், மைனஸ் 20லும் பிழை இரண்டரை செ.மீ.க்குள்தான். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய பயணியர் கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். பஸ்ஸர் மட்டும் அடிக்கும் சாதாரண செட்டுக்குத் தமிழ்நாட்டுச் சமவெளியில் திருத்தமே தேவையில்லை. தானாக பார்க்கிங் செய்யும் வண்டி, லடாக்கின் லே போன்ற குளிர் ஊர், எண்ணாகத் தூரம் காட்டும் திரை என்றால் கதை வேறு.

சிப்புக்குள் இருக்கும் வெப்பமானி

தனியாக எதுவும் வாங்க வேண்டாம் என்பதால் பலருக்கும் இதில்தான் கை போகும். அர்டுயினோ ஊனோ என்ற பயிற்சிப் பலகையின் ஏடிமெகா328பி சிப்புக்குள் இருக்கும் வெப்பமானி, அளவு திருத்தாமல் பயன்படுத்தினால் 10 டிகிரி வரை பிசகலாம். அதைக்கூடச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது, அது அளப்பது வெளிக்காற்றை அல்ல, சர்க்யூட் பலகையின் சூட்டை என்பது. கறுப்பு பம்பருக்குள் இருக்கும் பலகை மத்தியானம் 60 டிகிரி தொட்டிருக்க, வெளிக்காற்று 38ல் இருந்தால், 200 செ.மீ. சுவர் 207 என்று தெரியும். திருத்தம் இல்லாதபோது பாதுகாப்பான பக்கம் இருந்த பிழை, திருத்தியதால் ஆபத்தான பக்கம் போய்விட்டது. காற்றில் ஒலியின் வேகத்தைக் கணக்கிட இந்த எண்ணை எடுக்கவே கூடாது. வேறொரு வேலைக்கு இது மிக நல்ல எண், கீழே வருகிறேன்.

வெளிக்காற்றுச் சென்சார்

எங்கள் தேர்வு இதுதான். ஒரு டிகிரி பிசகினால் 2 மீட்டரில் மூன்றரை மி.மீ.தான். ஆகவே துல்லியத்துக்காகச் செலவழிக்க வேண்டாம். 10 கே என்டிசி (சூடு ஏறினால் மின்தடை குறையும் 10 கிலோஓம் உறுப்பு) போதும், நீர் புகாத டிஎஸ்18பி20 என்ற டிஜிட்டல் வெப்பமானி தாராளம். செலவிட வேண்டியது இடம் தேடுவதில். சைலன்சரிலிருந்து தள்ளி, வெயில் படாமல், பம்பரின் கீழ் உதட்டுக்குப் பின்னால், உலோகத்தைத் தொடாமல் தொங்க வேண்டும்.

முழு எண் கணக்கு இப்படி:

தூரம் (மி.மீ.) = நேரம் (மைக்ரோநொடி) × (3313 + 6 × டிகிரி) ÷ 20000

பெருக்குத்தொகை பல கோடிக்குப் போகும். 32 பிட் மாறியில் வையுங்கள். 16 பிட்டில் வைத்தால் விடை குப்பை.

டிஎஸ்18பி20 ஒரு முறை 12 பிட்டில் அளக்க 750 மில்லிநொடி எடுக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் காத்திருக்காதீர்கள், அரை நிமிடத்துக்கு ஒரு முறை படித்தால் போதும். இதன் பெரிய பொறி 85. மின்சாரம் வந்ததும், அளக்கும் முன்பே படித்தால் 85 டிகிரி என்று சொல்லும். காற்று 30 டிகிரியாக இருந்தால் 2 மீட்டர் 219 செ.மீ. ஆகிவிடும். என்டிசி ஷார்ட் ஆனாலும் கொதிப்பதாகவே தெரியும். அதனால் 60க்கு மேல் வரும் எதையும் தள்ளிவிட்டு, உங்கள் ஊரின் மிகக் குறைந்த வெப்பநிலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பிழை குறைவான தூரத்தின் பக்கமே சாயும்.

வண்டியிலேயே வெளிக்காற்றுச் சென்சார் இருந்தால், ஓபிடி (வண்டியின் பழுதறியும் இணைப்பு) வழியாக 46 (பதினாறடிமான எண்) என்ற பிஐடி-யை, அதாவது அந்த அளவுக்கான குறியெண்ணை, கேட்கலாம். வரும் பைட்டிலிருந்து 40ஐக் கழித்தால் டிகிரி. ஆனால் அது பெரும்பாலும் முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும். சிக்னலில் நின்றால் ரேடியேட்டர் சூடு ஏறும். வண்டி ஓடும்போது வந்த அளவைப் பிடித்து வைத்து, நிற்கும்போது ஏறுவதை ஏற்காமல், இறங்குவதை மட்டும் ஏற்க வேண்டும்.

தெரிந்த தூரத்தை வைத்து அளப்பது

தூரம் தெரிந்த ஒரு முள்ளிலிருந்து (சென்சாருக்கு முன்னே நட்ட சிறு கம்பி) எதிரொலி வாங்கினால் ஒலியின் வேகமே நேராகக் கிடைக்கும். ஈரப்பதமும் அதில் அடங்கும். 40 டிகிரியில் வறண்ட காற்றுக்கும் ஈரம் நிறைந்த காற்றுக்கும் வேகத்தில் சுமார் ஒரு சதவீத வித்தியாசம் உண்டு, வெப்பமானிக்கு அது தெரியாது. டேங்கர் லாரியின் தொட்டி மட்டத்துக்கு இதை அடிக்க வேறில்லை. பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் வெப்பமானித் திருத்தம் அர்த்தமே இழந்துவிடும்.

பம்பரில் முள் நட முடியாது. அதற்குப் பதிலாக, ஒரு சென்சார் அனுப்பும் ஒலியை 50 செ.மீ. தள்ளியுள்ள பக்கத்துச் சென்சாரில் நேராகக் கேட்கலாம். 30 டிகிரியில் 1.43 மில்லிநொடி ஆகும். 40 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலை 25 மைக்ரோநொடி. பக்கவாட்டில் வரும் சத்தம் மெலிதானது. எதிரொலி என்று ஏற்பதற்கான குறைந்தபட்ச வலுவை, அதாவது வரம்பை, முதல் அலை தொடாமல் இரண்டாம் அலை தொட்டால் 10 டிகிரி பிழை. என்டிசி-யே மேல்.

சென்சாரின் சொந்தச் சூடு

குளிர்ந்த காலையில் ஒன்றுமில்லாத இடத்தில் எப்போதும் 25 செ.மீ. என்று அலறினால், அது ஒலியின் வேகத்தால் வந்த கோளாறு அல்ல. ஒலியை எழுப்பும் பீசோ வில்லையும் (மின்சாரம் கொடுத்தால் அதிரும் தட்டு) அதை ஒட்டிய அலுமினியக் கிண்ணமும் அனுப்பிய பின்னும் அதிர்ந்துகொண்டிருக்கும், அந்த அதிர்வையே சென்சார் எதிரொலி என்று எடுத்துக்கொள்ளும். குளிரில் உள்ளே இருக்கும் ரப்பர் விறைப்பதால் அடங்கும் நேரம் மாறுகிறது. சூட்டில் ஒத்ததிர்வு எண் (வில்லை மிக வலுவாக அதிரும் அலைவெண்) இறங்கி, அனுப்பும் வலு குறைகிறது. 4 மீட்டர் போய்த் திரும்புவதற்குள் காற்றே 10 டெசிபல் அளவுக்குத் தின்றுவிடுவதால், தூரத்துத் தடை தெரியாமல் போகும்.

இங்கேதான் சிப்பின் வெப்பமானி வேண்டும். மீயொலிச் சென்சாருக்கென்றே உள்ள பிஜிஏ460 போல சென்சாரின் கூட்டுக்குள்ளேயே உட்காரும் சிப்பு, வில்லையின் சூட்டை நன்றாகவே பின்தொடரும். சென்சாரை ஃப்ரீஸரில் ஒரு மணி நேரம் வைத்து அடங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அறைச் சூட்டில் ஒரு முறை, 60 டிகிரியில் ஒரு முறை. மூன்றுக்கும் தனித்தனி வரம்பு அட்டவணை எழுதி, சிப்பின் அளவைப் பார்த்து மாற்றுங்கள்.

பொருத்திய பிறகு பம்பருக்கு நேராக 1 மீட்டரில் ஓர் அட்டையை நிறுத்தி, விடியற்காலையிலும், வண்டி இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றபின் மத்தியானத்திலும் அளந்து பாருங்கள். மத்தியான அளவு டேப்பைவிடக் கூடுதலாக வந்தால், வெளிக்காற்றுச் சென்சாரின் இடத்தை மாற்றுங்கள். கணக்கில் கை வைக்காதீர்கள்.